பதினோரு மாதம்

காலை ஒன்பதே கால்.
பொத்தானை அழுத்திவிட்டுக் கடையைப் பெருக்கி
வாசலில் தண்ணீர் தெளித்து
ஜெராக்ஸ் மிஷினுக்குத் தாள் அடுக்கித் திரும்பினால்
நீல வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்
செக்குமாடு மாதிரி.

எதிரே சார்பதிவாளர் அலுவலகம்.
பத்தரைக்கு டோக்கன்.
கண்டனூரிலிருந்து வந்த பங்காளிகள் ஏழு பேர்
ஒரு வீட்டை ஏழாக்கும் பத்திரத்துக்காக
முகம் பார்க்காமல் என் கடையில் நிற்கிறார்கள்.
கம்ப்யூட்டர் திறந்தால்தானே
அவர்கள் பிரிய முடியும்?

"ஹார்ட் டிஸ்க் கரகரங்குது அக்கா,
எஸ்.எஸ்.டி. போட்டுருங்க" என்றான்
தட்டச்சுக்கு வரும் செல்லக்கண்ணு.
சம்பளம் வாங்குகிறவனுக்குச் சொல்வது எளிது.

இரண்டு இரவு செல்போனில் விலை பார்த்தேன்.
நூற்றிருபது ஜிபி மலிவு,
விண்டோஸே பாதியைத் தின்றுவிடும்.
நானூற்று எண்பது ஆசை.
ஆனால் என் ஏழு வருட உழைப்பு,
தாலுகாவில் கைமாறிய மனையும் வயலும்
ஸ்கேன்களும் சேர்த்து
அறுபத்தொரு ஜிபிதான்.

ஒருவன் ஒரு டெராபைட்டை எழுநூறு ரூபாய்க்கு விற்றான்.
கேள்விப்படாத கம்பெனி, ஐந்து நட்சத்திரம்.
பாராட்டையெல்லாம் வரிசையாகப் படித்தேன்.
பத்திரம் அடிக்கிறவளுக்குத் தெரியாதா,
கையெழுத்து வேறாகி
கை ஒன்றாக இருப்பது?

ஞாயிறு மதியம் காரைக்குடி பஸ்.
செக்காலை ரோட்டில் மாடிக் கடை.
"என்.வி.எம்.இ. எடுங்க, பறக்கும்" என்றார் ஜபருல்லா.
என் போர்டின் படத்தைக் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"இதுல சொருக இடமே இல்லையே...
சாட்டா போதும் உங்களுக்கு."

"கேஷ் இருக்கா இதில்?" என்றேன்,
இரவில் படித்த திமிரில்.
"கேஷும் உண்டு, ஜிபேயும் உண்டுக்கா" என்றான்
கல்லாவில் இருந்த பையன்.

பெட்டியின் முதுகில் பொடி எழுத்து:
எண்பது டெராபைட் வரை எழுதலாம்.
ஒரு பத்திரம் நாற்பது கேபி.
அங்கேயே நின்று வகுத்தேன்.
இருநூறு கோடிப் பத்திரம்.
தேவகோட்டையைத் தினம் ஒருமுறை விற்று
தினம் ஒருமுறை திரும்ப வாங்கினாலும்
ஊர்தான் தேயும், இது தேயாது.

மீதி இருந்தது ஒரே கேள்வி.
மூன்று வருட வாரண்டி ஆயிரத்து அறுநூற்றைம்பது.
ஐந்து வருடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.
முந்நூற்று நாற்பது ரூபாய்
இடையில் நின்று என்னைப் பார்த்தது.

என் கடை வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதம்.
நானே அடித்தது.
ஒரு மாதம் கூடினால் பதிவுச் செலவு என்று
ஊரில் பாதிப்பேர்
பதினோரு பதினோரு மாதமாகத்தான் குடியிருக்கிறோம்.
என் கல்யாணப் பத்திரிகையில்கூட
ஒன்பதிலிருந்து பத்தரை வரை என்றுதான் போட்டிருந்தது.
ஐந்து வருடம் நிற்பேன் என்று
எனக்கு எழுதிக்கொடுக்க முன்வந்தது
இந்தச் சிட்டை அளவுப் பெட்டி ஒன்றுதான்.

எடுத்துக்கொண்டேன்.
பேரம் பேசியதில் கேபிள் இலவசம்.

திங்கட்கிழமை பொத்தானை அழுத்தி
விளக்குமாற்றுக்குக் குனிந்து நிமிர்வதற்குள்
திரை வந்து நிற்கிறது.
பெருக்காத கடையில்
ஏதோ தப்புச் செய்தவள் போல நின்றேன்.

கண்டனூர்க்காரர்கள் மறுபடி வந்தார்கள்,
நான்குமாலில் ஓர் எல்லைப் பிழை.
உட்காருமுன் திருத்தி நீட்டினேன்.
"அதுக்குள்ளயா?" என்று ஏழு பேரும்
முதன்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.
அவ்வளவுதான். பிறகு பிரிந்து போனார்கள்.

பழைய டிஸ்க், மின்விசிறிக் காற்றில்
தாள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.
ஜபருல்லா கொடுத்த பில் வழவழத்தாள்,
ஆறு மாதத்தில் எழுத்து வெளுத்துவிடும்.
ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் வைத்தேன்.
கணக்கு கணக்குத்தான்:
இரண்டு ரூபாயை என் பர்ஸிலிருந்து எடுத்து
என் கல்லாவில் போட்டேன்.